டிராக்டரில் டேட்டா லாகர்: இன்புட் சேனல்களைச் சரியாக அமைப்பது எப்படி?

நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு டிராக்டர் வாடகைக்கு ஓடுகிறது. போன வருஷம் குறுவைக்கு முன்னால் பழைய டிராக்டரில் ஒரு டேட்டா லாகர், அதாவது சென்சார்கள் சொல்வதைப் பதிந்து வைக்கும் பெட்டி, மாட்டினேன். எந்த வயலுக்கு எவ்வளவு டீசல் போகிறது, எஞ்சின் எங்கே சூடேறுகிறது, சேற்றில் சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்று தெரிந்தால் வாடகையை நியாயமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பெட்டியை மாட்ட ஒரு மணி நேரம்தான் ஆனது. லேப்டாப்பில் உள்ள மென்பொருளில் சேனல்களை, அதாவது ஒவ்வொரு சென்சாருக்குமான பதிவு வரிகளை, சரியாக அமைக்க ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள், சேறு கலக்கிக்கொண்டிருந்த தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, கொதிக்குதுண்ணே" என்று கத்தினான். நான் வரப்பில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, "55 டிகிரிதான்டா காட்டுது, ஓட்டு" என்றேன். ஓட்டினான். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. பட்டறைக் கூலியோடு 9,200 ரூபாய். சென்சாரில் பழுது இல்லை, வயரில் பழுது இல்லை. மென்பொருளில் நான் தேர்ந்தெடுத்த சென்சார் வகைதான் தவறு. அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் ஒரு சேனலுக்கு நான்கு விஷயம் சொல்ல வேண்டும். வயர் எந்த முனையில் வருகிறது, அது என்ன வகை சிக்னல், அந்தச் சிக்னலை டிகிரியாகவோ பாராகவோ (பார் என்பது பிரஷரின் அலகு) லிட்டராகவோ மாற்றும் கணக்கு என்ன, நொடிக்கு எத்தனை முறை பதிய வேண்டும். மெனுவின் பெயர்கள் மாறும், இந்த நான்கும் மாறாது.

1. எப்போது செய்வது, எவ்வளவு ஆகும்

வண்டி சும்மா நிற்கிற மாதத்தில் செய்யுங்கள். டெல்டாவில் அது சித்திரையும் வைகாசியும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் அப்புறம் வண்டிக்கு ஓய்வு கிடையாது; வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாளே போன் வரத் தொடங்கும். நான் ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். பகலில் உழவு, இரவில் டார்ச் வெளிச்சத்தில் வயரிங் என்று ஓடியதால்தான் பாதித் தவறுகள் வந்தன.

நான் கொடுத்த விலைகள் இவை. லாகர் பெட்டி 18,400 ரூபாய். அதில் வோல்ட்டை அளக்கும் எட்டு அனலாக் முனை, துடிப்பை எண்ணும் நான்கு டிஜிட்டல் முனை, எஞ்சின் கணினி பேசுவதைக் கேட்கும் ஒரு கேன் முனை, ஜிபிஎஸ் உண்டு. ஆயில் பிரஷர் சென்சார் 1,350. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) சூட்டு சென்சார் 280. சக்கர வேகத்துக்கு பிராக்சிமிட்டி சென்சார் (பக்கத்தில் இரும்பு வந்தால் சொல்லும்) 650. மல்டிமீட்டர் 750. சுழலும் வேகத்தை ஒளி வைத்து அளக்கும் டேக்கோமீட்டர் 1,200. வயர், ஃபியூஸ், ஸ்லீவ், ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 23,530 ரூபாய். பெரிய பொருளை ஆன்லைனிலும், சில்லறைப் பொருளைத் திருச்சியிலும் வாங்கினேன். சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்லலாம்.

மல்டிமீட்டரையும் டேக்கோமீட்டரையும் வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். மென்பொருள் காட்டும் எண் சரியா என்று பார்க்க உங்களிடம் இருக்கப்போகிற சாட்சிகள் அவை இரண்டும்தான்.

முறையாகச் செய்தால் நான்கு நாள் வேலை. தாள்களைச் சேர்க்க ஒரு நாள், வயரிங்குக்கு ஒரு நாள், கேலிப்ரேஷனுக்கு (அளந்து ஒத்துப்பார்த்து எண்களைச் சரிசெய்வதற்கு) ஒன்றரை நாள், ஓட்டிப் பார்க்க அரை நாள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதல் தாள், ஒவ்வொரு சென்சாரின் டேட்டாஷீட், அதாவது அதன் அளவுகளைச் சொல்லும் தாள். எனக்குச் சூட்டு சென்சார் விற்ற கடையில் அது தரவில்லை. "எல்லாம் ஒரே மாதிரிதான் சார்" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். டேட்டாஷீட் இல்லாமல் சென்சார் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றாலும் வழி இருக்கிறது, ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாவது, லாகர் பெட்டியின் முனைப்படம். எந்த முனை 5 வோல்ட் வரை தாங்கும், எது 12 வோல்ட் தாங்கும் என்று அதில் இருக்கும். இதைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். 5 வோல்ட் முனையில் பேட்டரி வயரைத் தொட்டுவிட்டால் அந்த முனை போனதுதான்.

மூன்றாவது, வண்டியின் வயரிங் படமும் வாரன்டி அட்டையும். புது வண்டியாக இருந்தால் வயரை வெட்டி ஒட்டினாலே வாரன்டி போய்விடும் என்று அட்டையில் எழுதியிருக்கக்கூடும். முதலில் அதைப் படியுங்கள். வெட்டாமல் இடையில் செருகும் கனெக்டர் கிடைக்கும் இடங்களில் அதையே பயன்படுத்துங்கள்.

நான்காவது, லாகர் வாங்கிய ஜிஎஸ்டி பில். அதில் பெட்டியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் பில்லில் இல்லாததால் ஒரு முனை வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பியபோது பதினெட்டு நாள் இழுத்தடித்தார்கள்.

3. மென்பொருளைத் திறக்கும் முன் நோட்டில் பட்டியல் போடுங்கள்

ஒரு பக்கத்தில் ஆறு பத்தி போடுங்கள்: சேனல் பெயர், பெட்டி முனை, வயர் நிறம், சிக்னல் வகை, மாற்றுக் கணக்கு, நொடிக்கு எத்தனை. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு வரி. வயரை மாற்றினால் முதலில் நோட்டில் மாற்றுங்கள், பிறகு மென்பொருளில்.

பெயரைச் சுருக்கமாகவும் அலகோடும் வையுங்கள். "கூலன்ட்_டிகிரி", "ஆயில்_பார்" என்பது போல. நான் பயன்படுத்தும் மென்பொருள் சேனல் பெயரில் தமிழ் எழுத்தையும் இடைவெளியையும் ஏற்கவில்லை, அதனால் அதே பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். "சென்சார் 1", "சென்சார் 2" என்று விட்டால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று நமக்கே தெரியாது.

முதல் நாளே எட்டு முனையையும் நிரப்ப ஆசை வரும். வேண்டாம். கூலன்ட் சூடு, ஆயில் பிரஷர், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பேட்டரி வோல்ட் இந்த நான்கோடு தொடங்குங்கள். அவை சரியாக வந்த பிறகு சக்கர வேகமும் டீசலும் சேரட்டும்.

4. வயரும் எர்த்தும்

சென்சாரின் எர்த் வயரை அருகில் உள்ள போல்ட்டில் முறுக்கிவிடாதீர்கள். லாகர் பெட்டியில் "சென்சார் எர்த்" என்று தனி முனை இருக்கும், எல்லா சென்சார் எர்த்தும் அங்கேதான் வர வேண்டும். டிராக்டர் பாடி வழியாக ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), விளக்கு, ஹாரன் எல்லாவற்றின் மின்சாரமும் திரும்பிப் போகிறது. பாடியில் எர்த் எடுத்தால், விளக்கைப் போட்டதும் ஆயில் பிரஷர் ஏறுவதாகத் திரை காட்டும். எனக்கு அப்படித்தான் காட்டியது.

சென்சாருக்கான 5 வோல்ட்டும் பெட்டியிலிருந்தே போகட்டும். நான் மிச்சம் பிடிக்க நினைத்து போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்தேன். பிரஷர் சென்சார் போன்றவை தமக்குக் கிடைக்கும் வோல்ட்டுக்கு ஏற்ற விகிதத்தில்தான் பதில் சொல்லும். சார்ஜர் 5.2 கொடுத்தால் பிரஷரும் கூடித் தெரியும்.

பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். எத்தனை ஆம்பியர் என்பது பெட்டியின் தாளில் இருக்கும். சைலன்சர் பக்கம் வயரைக் கொண்டுபோகாதீர்கள். சேற்று வேலைக்குப் போகும் வண்டியில் கனெக்டரின் வாய் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது.

5. அனலாக் சேனல்கள்: இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம்

எளியதிலிருந்து தொடங்குவோம். என் ஆயில் பிரஷர் சென்சார் 0 பாரில் 0.5 வோல்ட், 10 பாரில் 4.5 வோல்ட் கொடுக்கும். அதாவது 4 வோல்ட்டுக்கு 10 பார், ஒரு வோல்ட்டுக்கு 2.5 பார். மென்பொருளில் பெருக்கும் எண் 2.5, கூட்டும் எண் கழித்தல் 1.25. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 2.5 வோல்ட் வந்தால் 6.25-இல் 1.25 போக 5 பார். சரி.

சென்சார் 0.5-இல் தொடங்குவதில் ஒரு நன்மை உண்டு. வயர் அறுந்து வோல்ட் பூஜ்யத்துக்குப் போனால் திரையில் கழித்தல் 1.25 பார் வரும். அப்படிப்பட்ட பிரஷர் எஞ்சினில் கிடையாது, அதனால் பார்த்ததும் வயரைத் தேடலாம். சில மென்பொருளில் "பூஜ்யத்துக்குக் கீழே காட்டாதே" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போடாதீர்கள். போட்டால் அறுந்த வயரும் நின்ற எஞ்சினும் ஒன்றுபோலத் தெரியும்.

இங்கே இன்னொரு பொறி. சில மென்பொருள் வோல்ட்டைக் கேட்காது, பெட்டி அந்த வோல்ட்டை மாற்றி வைத்திருக்கும் வெறும் எண்ணைக் கேட்கும். 10 பிட் பெட்டியில் 5 வோல்ட் என்பது 1023, 12 பிட் பெட்டியில் 4095. உங்களுடையது எது என்று பெட்டியின் தாளில் பாருங்கள். 12 பிட் என்றால் 0.5 வோல்ட்டுக்கு 410, 4.5 வோல்ட்டுக்கு 3686 என்று போட வேண்டும்.

பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட் முனையில் நேராகக் கொடுக்க முடியாது, இரண்டு ரெசிஸ்டரால் பிரித்துக் கொடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து எர்த்துக்கு 3.3 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து பெட்டிக்கு வயர். ஓடும் வண்டியின் 14.4 வோல்ட் அங்கே சுமார் 3.57 ஆக இறங்கும். மென்பொருளில் பெருக்கும் எண் 4.03.

அடுத்தது என் கேஸ்கெட்டைப் பறித்த சூட்டு சென்சார்.

கூலன்ட் சூட்டு சென்சார் தானாக வோல்ட் தராது. சூடு ஏற ஏற அதன் ஓம் (மின்தடை) குறையும், அவ்வளவுதான். பெட்டி 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்து, சென்சாரின் மேல் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிறது. அந்த ரெசிஸ்டருக்கு புல்-அப் என்று பெயர். சில பெட்டியில் அது உள்ளேயே இருக்கும், மென்பொருளில் ஒரு டிக் போட்டால் இணைந்துவிடும். சில பெட்டியில் நாம் வெளியே போட வேண்டும். உள்ளேயும் இருந்து வெளியேயும் போட்டால் கணக்கு எல்லாம் தவறும்.

வண்டிகளில் பரவலாக வரும் ஒரு வகை சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 186 ஓம். கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் இன்னொரு வகை 25 டிகிரியில் 10,000 ஓம், 100 டிகிரியில் சுமார் 700 ஓம். எனக்குக் கிடைத்தது இரண்டாவது. மென்பொருளின் பட்டியலில் முதலில் நின்றது முதல் வகை, அதையே தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் கொதிக்கும்போது சென்சார் 700 ஓம் சொன்னது. முதல் வகையின் அட்டவணையில் 700 ஓம் என்றால் 55 டிகிரி. திரையில் வந்தது அதுதான்.

ஆகவே பட்டியலில் இருந்து பெயரைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடாதீர்கள். சென்சாரை வண்டியில் மாட்டும் முன் இப்படிச் செய்யுங்கள். ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள்; அது 0 டிகிரி. சென்சாரின் முனையை மட்டும் முக்கி, இரண்டு நிமிடம் கழித்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள். பிறகு அடுப்பில் பாத்திரம் வைத்துக் கொதிக்கும் தண்ணீரில் முக்குங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கொதிக்கும் தண்ணீரை 100 டிகிரி என்றே வைத்துக்கொள்ளலாம். ஊட்டிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. சென்சார் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, அடி இன்னும் சூடாக இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நல்ல தெர்மாமீட்டரைப் பக்கத்தில் விட்டு 80, 60, 40 என்று இறங்க இறங்க எழுதுங்கள். ஒரு மணி நேர வேலை. இந்த ஐந்து புள்ளிகளையும் மென்பொருளின் அட்டவணையில் உங்கள் கையால் போடுங்கள். டேட்டாஷீட் இல்லாதவர்களுக்கும் இதுவே வழி.

புல்-அப் எத்தனை ஓம் என்பதும் முக்கியம். 2,500 ஓம் வகை சென்சாருக்கு 1,000 ஓம் புல்-அப் போட்டால் 20 டிகிரியில் 3.57 வோல்ட், 100 டிகிரியில் 0.78 வோல்ட் வரும். அதே சென்சாருக்கு 10,000 ஓம் போட்டால் 100 டிகிரியில் 0.09 வோல்ட்டுக்குச் சுருங்கிவிடும். நமக்குத் தேவையான 80 முதல் 105 டிகிரி வரை எல்லாம் அந்த மூலையில் நெருக்கிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் எச்சரிக்கை அளவு போடுங்கள். என் வண்டிக்கு 98 டிகிரியில் பஸ்ஸர் அடிக்கும்படி வைத்திருக்கிறேன். சேற்றில் வேலை செய்யும்போது யாரும் திரையைப் பார்ப்பதில்லை, சத்தம்தான் கேட்கும்.

6. டீசல் டேங்க்

டேங்கில் உள்ள மிதவையும் ஓம் மாற்றித்தான் சொல்கிறது. சில வண்டியில் டேங்க் நிரம்பினால் ஓம் குறையும், சிலவற்றில் கூடும். இந்த வயரில் பெட்டியின் புல்-அப்பை இணைக்காதீர்கள். டேஷ்போர்டு முள்ளும் அதே வயரில் இருப்பதால் அது தவறாகக் காட்டத் தொடங்கும். ஓட்டுகிறவர் டீசல் இருக்கிறது என்று நம்பி நடுவயலில் நிற்பார். பேட்டரிக்குச் செய்ததுபோலப் பிரித்துக் கொடுங்கள், ரெசிஸ்டர் மட்டும் பத்து மடங்கு பெரிதாக இருக்கட்டும்.

கேலிப்ரேஷன் நெல் அடிக்கும் களத்தில் செய்யுங்கள், தரை மட்டமாக இருக்கும். டேங்கைக் காலியாக்கி, ஐந்து ஐந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓட விட்டு வோல்ட்டை எழுதுங்கள். டீசல் ஊற்றும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். 55 லிட்டர் டேங்குக்கு அரை நாள் பிடிக்கும். டேங்கின் வடிவம் ஒழுங்காக இல்லாததால் காலி, நிரம்பியது என்று இரண்டு புள்ளி மட்டும் போட்டால் நடுவில் ஐந்தாறு லிட்டர் தவறும்.

வரப்பு ஏறும்போது டீசல் ஒரு பக்கம் சாயும். மென்பொருளில் இந்தச் சேனலுக்கு மட்டும் 30 நொடி சராசரி போடுங்கள். அதற்கும் மேல் துல்லியம் வேண்டுமென்றால் மிதவையால் முடியாது, குழாயில் ஓடும் டீசலை அளக்கும் ஃப்ளோ மீட்டர்தான் வைக்க வேண்டும்.

7. ஆர்பிஎம்

பெட்ரோல் வண்டியில் ஆர்பிஎம் எடுக்க இக்னிஷன் காயில் இருக்கும். டீசல் எஞ்சினில் அது கிடையாது. ஆல்டர்னேட்டரின் பின்னால் "டபிள்யூ" என்று ஒரு முனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபம். அது சுழலச் சுழல மின் துடிப்பு கொடுக்கும். இது 12 வோல்ட் அளவுக்கு ஏறும், ஆகவே டிஜிட்டல் முனை அதைத் தாங்குமா என்று பெட்டியின் தாளில் பாருங்கள்.

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை துடிப்பு என்பதுதான் மென்பொருள் கேட்கும் எண். எஞ்சின் புல்லி ஆல்டர்னேட்டர் புல்லியைவிட இரண்டு மடங்கு பெரிது, ஆல்டர்னேட்டரில் ஆறு ஜோடி துருவம் என்றால், சுற்றுக்கு 12 துடிப்பு. 1,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 300 துடிப்பு.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெல்ட் கொஞ்சம் வழுக்கும், புல்லியின் விட்டத்தை டேப்பால் துல்லியமாக அளக்கவும் முடியாது. எஞ்சின் புல்லியில் ஒளி ஸ்டிக்கரை ஒட்டி டேக்கோமீட்டரால் 1,000, 1,500, 2,000 மூன்றிலும் பாருங்கள். என் வண்டிக்கு 12-க்குப் பதிலாக 11.7 என்று போட்டதும் மூன்றும் ஒத்து வந்தன. சில மென்பொருள் முழு எண்ணை மட்டும்தான் ஏற்கும். அப்படியானால் 12 என்று விட்டு, பெருக்கும் எண்ணில் சரிசெய்யுங்கள்.

சுழலும் புல்லிக்குப் பக்கத்தில் போகும்போது வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

8. சக்கர வேகமும் வழுக்கலும்

எனக்கு மிகவும் பயன்பட்ட சேனல் இது. பின்சக்கரத்தின் எட்டு போல்ட்டுகளைப் பார்த்தபடி ஒரு பிராக்சிமிட்டி சென்சார் மாட்டினேன். ஒவ்வொரு போல்ட்டும் கடக்கும்போது ஒரு துடிப்பு. பழுப்பு வயர் 12 வோல்ட், நீலம் எர்த், கறுப்பு சிக்னல். பெட்டியில் இணைக்கும் முன் கறுப்பு வயரில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று மீட்டரில் பாருங்கள். சில சென்சாருக்குள்ளேயே 12 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர் இருக்கும், அதை 5 வோல்ட் முனையில் கொடுக்கக்கூடாது.

டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, தார் ரோட்டில் மெதுவாகப் பத்துச் சுற்று ஓட்டி அளந்தேன். 40.4 மீட்டர். ஒரு சுற்றுக்கு 4.04, ஒரு துடிப்புக்கு 0.505 மீட்டர். ஒரே சுற்றை அளந்தால் ஒரு விரல் தவறுகூடப் பெரிதாகிவிடும், பத்து அளந்தால் சிறிதாகிவிடும். காற்று எப்போதும் வைக்கும் அளவில் இருக்கட்டும்.

உழவு வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு மூன்று துடிப்புகூட வராது. மென்பொருளில் "நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணு" என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் வேகம் 3.6, 5.5 என்று குதிக்கும். "இரண்டு துடிப்புக்கு இடையே எவ்வளவு நேரம்" என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஒரு கணக்குச் சேனல் போடுங்கள். சக்கர வேகத்திலிருந்து ஜிபிஎஸ் வேகத்தைக் கழித்து, சக்கர வேகத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். சக்கரம் 5, ஜிபிஎஸ் 4 என்றால் வழுக்கல் 20 சதவீதம். வண்டி நிற்கும்போது பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லி மென்பொருள் திணறும். "சக்கர வேகம் 1-க்குக் கீழே போனால் 0" என்று ஒரு நிபந்தனை வையுங்கள்.

நாங்கள் டயருக்குப் பக்கத்தில் சேர்த்து மாட்டும் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) பயன்படுத்துகிறோம், அதனால் டயர் கணக்கே போதும். டயரைக் கழற்றிவிட்டு முழு கேஜ் வீல் மாட்டுகிறவர்கள் அதற்கென்று தனிச் சேனல் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் ஓட்டி அளக்க முடியாது. விட்டத்தை அளந்து 3.14-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். நேரத்தையும் பாருங்கள்: ஜிபிஎஸ் தருவது உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் காலை ஆறு மணி உழவு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு நடந்ததாகப் பதிவாகும்.

9. புது வண்டி என்றால் கேன் வயர்

ஜனவரி 2023 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 மாசு விதி வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் எஞ்சினுக்குக் கணினி உண்டு, ஆர்பிஎம், சூடு, டீசல் எல்லாம் கேன் என்ற இரண்டு முறுக்கு வயரில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டாவது வண்டி அந்த வகை. சென்சார் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

கேட்க மட்டுமே செய்யுங்கள். மென்பொருளில் "கேட்பது மட்டும்" என்ற தேர்வை முதலில் போடுங்கள். எஞ்சின் கணினிகள் பேசும் இடத்தில் நம் பெட்டி குறுக்கே பேசினால் எஞ்சினே நின்றுபோகலாம்.

சாவியை அணைத்துவிட்டு இரண்டு கேன் வயருக்கும் இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் நல்லது, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது என்று பொருள். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. உங்கள் பெட்டியை இணைத்ததும் 40-க்கு இறங்கினால், பெட்டிக்குள் உள்ள ரெசிஸ்டர் மூன்றாவதாகச் சேர்ந்துவிட்டது. மென்பொருளிலோ பெட்டியிலோ அதை அணையுங்கள்.

கனரக வண்டிகளும் டிராக்டர்களும் பெரும்பாலும் ஜே1939 என்ற முறையில் பேசும். வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட் என்று வைத்துப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் 500. பிறகு சேனல்கள்:

ஆர்பிஎம்முக்கு பிஜிஎன் (செய்தியின் அடையாள எண்) 61444, அதில் நான்காவது ஐந்தாவது பைட், பெருக்கும் எண் 0.125. கூலன்ட்டுக்கு பிஜிஎன் 65262, முதல் பைட், 40 கழிக்க வேண்டும். டீசல் செலவுக்கு பிஜிஎன் 65266, முதல் இரண்டு பைட், பெருக்கும் எண் 0.05, விடை மணிக்கு எத்தனை லிட்டர்.

இரண்டு பைட் வரும்போது சிறியது முன்னால் வரும். நான்காவது பைட் 128, ஐந்தாவது 46 என்றால், 46-ஐ 256-ஆல் பெருக்கி 128 கூட்டினால் 11,904. அதை 0.125-ஆல் பெருக்கினால் 1,488 ஆர்பிஎம். மென்பொருளில் வரிசையை மாற்றி வைத்தால் 4,101.75 வரும், எந்த டிராக்டரும் அப்படிச் சுற்றாது. சில மென்பொருள் பைட்டை 0-இலிருந்து எண்ணும். அதில் நான்காவது பைட் என்பது 3. எனக்கு இரண்டு இரவைத் தின்றது இந்த ஒன்றுதான்.

கூலன்ட் 215 டிகிரி என்றோ டீசல் மணிக்கு 3,276.75 லிட்டர் என்றோ வந்தால் பயப்படாதீர்கள். அந்த வண்டி அந்தத் தகவலைத் தரவில்லை என்பதற்கான அடையாளம் அது. பைட் முழுவதும் 255 என்று நிரப்பி அனுப்புகிறது.

10. நொடிக்கு எத்தனை முறை

எல்லாவற்றையும் 100 முறை என்று வைத்தால் நல்லது என்று தோன்றும். கூலன்ட் அவ்வளவு வேகமாக மாறாது, கேன் வழியாகவும் அது நொடிக்கு ஒரு முறைதான் வரும். சூடும் டீசலும் நொடிக்கு 1, ஆர்பிஎம்மும் பிரஷரும் வேகமும் நொடிக்கு 10. எட்டுச் சேனலையும் 10 முறை வைத்தாலே, ஒரு பதிவுக்கு 4 பைட் கணக்கில், பத்து மணி நேர உழவுக்கு 11.5 மெகாபைட்தான். 100 வைத்தால் 115. கார்டில் இடம் இருக்கும், பழைய லேப்டாப்தான் படம் வரைய முடியாமல் தொங்கும்.

11. வயலுக்குப் போகும் முன்

வண்டியைக் களத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சென்சார் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். திரையில் எந்தச் சேனல் சாகிறதோ அதுதான் நோட்டில் எழுதிய பெயரா என்று பாருங்கள். என்னுடையதில் ஆயிலும் கூலன்ட்டும் இடம் மாறியிருந்தது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. பிறகு அரை மணி நேரம் ஓட்டி, ஆயில் பிரஷர் எஞ்சின் நின்றதும் 0-க்கு வருகிறதா, காலையில் முதல் முறை சாவி போடும்போது கூலன்ட் சூடு வெளிச் சூட்டுக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் 60 டிகிரி காட்டினால் அட்டவணையில் பிழை இருக்கிறது.

அமைப்புக் கோப்பைத் தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுக் கோப்பு, பழையதன் மேல் எழுத வேண்டாம். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று போனில். நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து வண்டியின் டூல் பாக்ஸில் போடுங்கள். 30 ரூபாய் ஆகும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வண்டி நின்றால், வேறு மெக்கானிக் வந்து பார்க்கும்போது எந்த வயர் எது என்று அந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.